வேலியோரம் மூன்று குவியல்

கார்னெட் மேடு, கலிபோர்னியா
மே 4, திங்கள்

டெல்மர்,

மூன்று வருஷம் ஆகப் போகிறது. நலமா என்று கேட்க மனசு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பும் அட்டையில் உன் பெயரைத் தவிர ஒரு எழுத்து கிடையாது. தம்பி உயிரோடு இருக்கிறான் என்று மட்டும் அதிலிருந்து தெரிந்துகொள்கிறேன். இந்த மீன் ஆலை விலாசமும் அந்த உறையின் முதுகிலிருந்து எடுத்ததுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மனையில், நம் இரண்டு பேருக்கும் பொதுவான வேலியோரம், நீ வெட்டிப் போட்டுவிட்டுப் போன மூன்று குவியல்களும் அப்படியே கிடக்கின்றன. மழை பிடித்ததும் எரித்துவிடுவேன் என்று தபால்காரரிடம் சொன்னாயாம். மழை மூன்று முறை வந்து போய்விட்டது. ஒவ்வொரு குவியலும் என் தலைக்கு மேலே நிற்கிறது. அன்றைக்குப் பச்சையாக இருந்த மன்சனீட்டாப் புதரும் பைன் கிளையும் இன்றைக்குத் தொட்டாலே படபடவென்று முறிகின்றன. வெட்டாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு ஆபத்து இல்லை. நடுக் குவியலுக்கும் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கும் நாற்பது அடி. நடந்து அளந்தேன். அந்த ஜன்னலுக்கு உள்ளேதான் லோவெல் மூக்கில் குழாயோடு, ஆக்சிஜன் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். உன் அத்தானால் இப்போது குளியலறை வரைக்கும்கூட ஒரே மூச்சில் நடக்க முடியாது.

போன சனிக்கிழமை கண்காட்சி மைதானத்தில் தோட்டக் குப்பை வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜூன் 13 வரைக்கும் சனிக்கிழமைதோறும், காலை எட்டிலிருந்து ஒன்று வரை. கிளை, சருகு, புல், எது கொண்டுபோனாலும் வாங்கி, மெஷினில் அரைத்துவிடுகிறார்கள். நான் உன் முதல் குவியலில் ஒரு வண்டி ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் வரிசை. வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்ட பெர்னிஸ் என்ற பெண், லைசென்ஸைப் பார்த்துவிட்டு, "எல்லாம் உங்க வீட்டுக் குப்பைதானேம்மா?" என்றாள். நான் சும்மா இருக்காமல், "இல்ல, பக்கத்து மனையோடது, என் தம்பிது" என்று சொல்லித் தொலைத்தேன்.

"ஐயோ, ஏம்மா சொன்னீங்க? தலையாட்டியிருந்தா உள்ள விட்டிருப்பேன். இப்ப காதுல விழுந்துடுச்சே!" என்றாள். மரம் வெட்டும் கம்பெனிக்காரர்கள் ஊர்க் குப்பையை எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறார்களாம். அதனால் அடுத்தவர் மனைக் குப்பை என்றால் மனைக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினேன்.

எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். 'என் மனையில் உள்ள குப்பையை என் அக்கா எடுத்துச் செல்லலாம்' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

ஆர்டித்


மே 14

அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அத்தானுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தால் குப்பைப் பஞ்சாயத்து! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தக் குவியல்கள் குளிர்காலத்தில் எரிப்பதற்காக ஒழுங்காக அடுக்கியவை. நம் ஊரில் யார் வீட்டில் குவியல் இல்லை? நவம்பரில் வந்து, மழை பெய்ததும், அனுமதிச் சீட்டு வாங்கி, நானே எரித்துவிடுவேன். நீ இந்த வயதில் பைன் கிளையை இழுத்து இடுப்பை முறித்துக்கொள்ளாதே. மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறேன்.

கையெழுத்து எல்லாம் போட முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாவட்ட அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. மனையில் தீப்பிடிக்கும் பொருள் இருக்கிறதாம், யாரோ புகார் கொடுத்திருக்கிறார்களாம். யார் என்று எனக்குத் தெரியாதா? இப்போது நான் எழுதிக் கொடுத்தால், அது என் குப்பைதான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். நீயே புகார் கொடுத்துவிட்டு நீயே கையெழுத்தும் கேட்கிறாய். நல்ல ஆள்தான் நீ.

இங்கே சால்மன் இன்னும் வரவில்லை. பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருக்கிறோம். எந்நேரமும் ஈரம், எந்நேரமும் குளிர். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. இங்கே எதுவும் பற்றிக்கொள்ளாது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

டெல்மர்


மே 22, வெள்ளி

டெல்மர்,

ஆமாம், புகார் கொடுத்தது நான்தான். மறுபடியும் கொடுப்பேன். உன் தார்ப்பாய் முதல் குளிர்காலத்திலேயே கிழிந்து பறந்துவிட்டது. அதில் ஒரு துண்டு இப்போதும் என் ஆப்பிள் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வருஷம் ஏப்ரலோடு மழை நின்றுவிட்டது. புல் இப்போதே வெளுத்துவிட்டது. நேற்று மேற்கே எங்கேயோ புகை. யாரோ புல்வெட்டி ஓட்டும்போது கல்லில் பொறி பறந்ததாம், அரை மணியில் அணைத்துவிட்டார்கள். அந்த அரை மணி நேரமும் நான் வண்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு லோவெல் கட்டில் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "உக்காருடி, உன்னப் பாத்தாத்தான் எனக்கு மூச்சு முட்டுது" என்றார்.

நீ நவம்பர் என்கிறாய். காட்டுத்தீ வருகிற செப்டம்பரை நான் முதலில் தாண்ட வேண்டுமே!

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுத வைத்துவிட்டாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த மேட்டில் தீ வந்த அன்றைக்கு எங்கள் வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது உனக்குத் தெரியும். போனில் என்ன சொன்னாய்? "அக்கா, வாசலுக்கு வந்துடு, பத்து நிமிஷத்துல வந்து ஏத்திக்கிறேன்." அதை நம்பி லோவெலைத் தோட்டத்துத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, மடியில் ஆக்சிஜன் சிலிண்டரை வைத்து, வீட்டிலிருந்து வாசல் கேட் வரைக்கும் அந்தக் கற்பாதையில் தள்ளிக்கொண்டு வந்தேன். இரண்டு முறை கவிழப் பார்த்தது. கேட்டில் நின்றோம். புகைக்குள்ளிருந்து உன் பழுப்பு வண்டி வந்தது. நான் கையைத் தூக்கினேன். நீ நிற்கவில்லை.

பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர், முன்பின் தெரியாத மனுஷர், இறங்கி லோவெலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு வீடு தப்பியது. லோவெலின் நுரையீரல் தப்பவில்லை. குடித்த புகை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு முறை தாங்காது.

ஏன் நிற்கவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். இன்னும் நான்கு சனிக்கிழமைதான் இருக்கிறது. அதில் நாளைக்கு ஒன்று போய்விடும்.

ஆர்டித்


மே 31

அக்கா,

மனைக்காரர் கடிதம் இதோடு இருக்கிறது. இரண்டு பிரதி. வரி ரசீதின் நகலும் வைத்திருக்கிறேன், அந்த பெர்னிஸ் வேறு ஏதாவது கேட்டுவிடப் போகிறாள். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

புகை அதிகம், உங்களைப் பார்க்கவில்லை என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஐந்து நாளாக அப்படித்தான் எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

பார்த்தேன் அக்கா. உன் மஞ்சள் சட்டையைப் பார்த்தேன். தள்ளுவண்டியைப் பார்த்தேன். அத்தான் காலில் ஒரு செருப்புதான் இருந்தது, அதைக்கூடப் பார்த்தேன். பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கால் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருந்தது, கண்ணாடியில் நெருப்புத் துண்டு வந்து வந்து விழுந்தது, நான் வாய்விட்டு ஏதோ கத்திக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் கால் பிரேக்குக்குப் போனது. திரும்பலாம் என்று பார்த்தால் போலீஸ் சாலையை மூடிவிட்டது. இப்படி எழுதினால் எனக்குச் சாக்கு மாதிரி தெரிகிறது. சாக்குதான்.

அந்தத் தீக்கு அடுத்த மாதம் வெறி பிடித்த மாதிரி என் மனை முழுக்க வெட்டினேன். எல்லாவற்றையும் அடுக்கினேன். மழையும் வந்தது, அனுமதிச் சீட்டும் வாங்கினேன். ஐந்து முறை தீப்பெட்டியோடு போய் நின்றேன். குச்சியை உரசினால் கை உதறி அணைத்துவிடுகிறது. அதனால்தான் அந்தக் குவியல்கள் அப்படியே கிடக்கின்றன. சோம்பேறித்தனம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கு அதுவே கௌரவம்.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். அடியில் சாரைப் பாம்பு இல்லை, கிலுகிலுப்பைப் பாம்பே இருக்கும். முதலில் நீளக் கம்பால் தட்டு. நடுக் குவியலை முதலில் எடு.

டெல்மர்


ஜூன் 15, திங்கள்

டெல்மர்,

கடிதம் ஜூன் 5 வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. அதாவது எனக்குக் கிடைத்தது இரண்டே சனிக்கிழமை. முதல் கடிதத்துக்கே ஒழுங்காகப் பதில் போட்டிருந்தால் மூன்று குவியலும் போயிருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் சொல்லிவிட்டேன்.

நடுக் குவியல் போய்விட்டது. தெற்குக் குவியலும் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வண்டி. ஆறு முறை வரிசையில் நின்றேன். பெர்னிஸ் உன் கடிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "டெல்மர் ஸ்டிக்னி... டெல்மர் ஸ்டிக்னி..." என்று என்னவோ உயில் படிக்கிற மாதிரி படித்தாள். "தம்பி எங்க இருக்காரு?" என்றாள். அலாஸ்கா என்றேன். "குப்பைய இங்க போட்டுட்டு அலாஸ்காவுக்கா? கெட்டிக்காரர்தான்" என்றாள். ஆறாவது முறை என்னைப் பார்த்ததும், "அம்மா, இன்னொரு தடவை இந்தக் கடுதாசியக் காட்டினீங்கன்னா எனக்கு மனப்பாடமே ஆயிடும்" என்று சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

கிளையை அரைக்கும் மெஷினைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நீ மூன்று வாரம் வெட்டியதை மூன்று நிமிஷத்தில் தூளாக்கித் துப்பிவிட்டது. தூளை லாரியில் எங்கேயோ கொண்டுபோகிறார்கள். போகட்டும்.

பாம்பு இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. நீ சொன்ன மாதிரி கம்பால் தட்டினேன், மரியாதையாகப் போய்விட்டன.

குவியல் இருந்த இடத்தை மண் தெரிகிற வரைக்கும் வாரிவிட்டேன். இரண்டும் சேர்ந்து இப்போது ஒரு பெரிய மொட்டைத் தரை. ஜன்னல் வழியாக லோவெல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "நல்லா இருக்குடி" என்றார். வெறும் மண்ணைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்கிற காலம் வந்துவிட்டது.

வடக்குக் குவியல் மட்டும் நிற்கிறது. ஒன்று அடித்ததும் மைதானத்துக் கேட்டை மூடிவிட்டார்கள். அடுத்த முறை நவம்பரில்தான் திறப்பார்களாம். அது ஜன்னலிலிருந்து அறுபது அடி. நாற்பதுக்கு அறுபது தேவலை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தின் மீதிப் பக்கத்தையும் படித்தேன். அலமாரியில் வைத்திருக்கிறேன். அதற்கு இப்போது என்னால் பதில் எழுத முடியவில்லை.

ஆர்டித்


ஜூலை 2

அக்கா,

சால்மன் வந்துவிட்டது. பதினாறு மணி நேர வேலை. கையெல்லாம் செதில். அதற்கு நடுவிலும் எனக்கு அந்த வடக்குக் குவியல்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அறுபது அடி எல்லாம் ஒன்றுமே இல்லை. காற்றடித்தால் பொறி அரை மைல் பறக்கும். நீ அதை உன் பக்கம் இழுத்து வைக்காதே, நீயாக எரிக்கவும் எரிக்காதே. நான் வருகிறேன். செப்டம்பர் 15 வாக்கில் இங்கே வேலை முடியும். முடிந்தவுடன் வந்து, என் கையாலேயே வேலியை விட்டு அப்புறப்படுத்துகிறேன்.

இங்கே பொதுச் சாப்பாட்டு அறையில் டிவி இருக்கிறது. கலிபோர்னியா என்று வந்தாலே நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். கூட வேலை செய்கிற பையன்கள், "டெல்மருக்கு சமையல் பிடிக்கல" என்று கிண்டல் பண்ணுகிறார்கள்.

வண்டியில் எப்போதும் பெட்ரோல் நிரப்பி வை. மூக்கை வாசல் பக்கம் திருப்பி நிறுத்து. யாருக்காகவும் காத்திருக்காதே. யார் வருகிறேன் என்று சொன்னாலும் நம்பாதே. நான் சொன்னாலும்.

டெல்மர்


ஆகஸ்ட் 24, திங்கள்

டெல்மர்,

மூக்கை வாசல் பக்கம் திருப்பித்தான் நிறுத்தியிருக்கிறேன். முன் இருக்கையில் லோவெலுக்குத் தலையணை. பின்னால் மூன்று சிலிண்டர், மருந்து டப்பா, வீட்டுப் பத்திரம். தினமும் காலையில் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்.

காற்று பலமாக வீசினால் கம்பி அறுந்து தீப்பிடிக்கும் என்று மின்சாரத்தை அவர்களே நிறுத்திவிடுகிறார்கள். இந்த மாதம் மூன்று முறை. மின்சாரம் போனால் லோவெலின் மெஷின் நிற்கும். அதனால் ஜெனரேட்டரைப் போடுகிறேன். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பயம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை வெளியே வந்து மூக்கால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறேன். தபால்காரர் பார்த்துவிட்டு, "என்னங்க, வேட்டை நாய் வேலையா?" என்றார்.

லோவெலை ஏற்றிப் பழகிப் பார்த்தோம். கட்டிலிலிருந்து வண்டிக்கு முதல் முறை பதினாறு நிமிஷம். இப்போது ஒன்பது. ஒன்பதுக்குக் கீழே வரவில்லை. அவர் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. "என்னை விட்டுட்டுப் போயிடு" என்று ஒரு நாள் சொல்வார் என்று பயந்துகொண்டே இருக்கிறேன். இதுவரைக்கும் சொல்லவில்லை.

யாருக்காகவும் காத்திருக்காதே என்று எழுதியிருந்தாய். சரி. காத்திருக்க மாட்டேன்.

வந்தால் வா. வடக்குக் குவியல் அங்கேயேதான் இருக்கிறது.

அக்கா


கண்காட்சி மைதானம், நிவாரணக் கூடம்
செப்டம்பர் 10, வியாழன்

டெல்மர்,

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. ஆலைக்குப் போன் போட்டார்கள். நீ இரண்டாம் தேதியே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாயாம். இங்கே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். காணாமல் போனவர்களுக்கு எழுதி மடித்து, வெளியே பெயர் போட்டுக் குத்திவிடலாம். முழுக்கத் துண்டுச் சீட்டுகள். அதில் இதையும் குத்தப் போகிறேன்.

நாங்கள் தப்பித்துவிட்டோம். லோவெல் மூன்று வரிசை தள்ளி ஒரு கட்டிலில் தூங்குகிறார். இங்கே மெஷினுக்கு மின்சாரம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பத்தரை மணிக்கு வெளியே வந்தேன், கிழக்கு வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. சைரன் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஜெனரேட்டரை அணைத்துவிட்டு லோவெலை எழுப்பினேன். எட்டு நிமிஷத்தில் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஒரு செருப்பு வழியிலேயே விழுந்துவிட்டது. எடுக்கவில்லை.

கேட்டுக்கு வந்தேன். நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன், பழக்கம். அப்போதுதான் வேலிக்கு அப்பால், நீ குடியிருந்த சக்கர வீட்டுக்குப் பக்கத்தில் ஏதோ எரிய, அந்தப் புகைக்குள் உன் பழுப்பு வண்டி நிற்பதைப் பார்த்தேன்.

உன்னைக் காணோம். வண்டி மட்டும் இருந்தது, கதவு திறந்திருந்தது. வந்து எவ்வளவு நேரம் ஆனதோ, எங்கள் கதவைத் தட்ட உனக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

ஹாரனில் கை வைத்தேன் டெல்மர். அழுத்தவில்லை. அழுத்தினால் நீ வருவாய். நீ வருகிற வரைக்கும் நான் நிற்க வேண்டும். ஒரு நிமிஷமோ, மூன்று நிமிஷமோ. பின்னால் மேட்டின் மேல் மரங்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டிருந்தன. லோவெல் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அது டெல்மர் வண்டி. ஆர்டித், அது டெல்மர் வண்டி" என்றார். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கால் நன்றாகவே கேட்டது. உன்னை மாதிரி எனக்குக் கால் மரத்துப்போகவில்லை. தெரிந்தேதான் போனேன்.

அதன் பிறகு லோவெல் என்னிடம் பேசவில்லை.

மூன்று வருஷம் உன்னை மனசுக்குள் நிற்க வைத்து நிற்க வைத்துக் கேட்டேன், ஏண்டா நிற்கவில்லை என்று. இப்போது யாராவது என்னைக் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. உன் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் அலமாரியில் வைத்தேனே, அலமாரி இருக்கிறதா வீடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. இதுதான் அதற்குப் பதில்.

உயிரோடு இரு. தயவு பண்ணி உயிரோடு இரு. என்னைத் திட்டுவதற்காகவாவது வா.

அக்கா


மாவட்ட மருத்துவமனை
செப்டம்பர் 13, ஞாயிறு

அக்கா,

வலது கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறிய மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் சீட்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? உன் பெர்னிஸ். நிவாரணக் கூடத்தில் அவள்தான் பெயர்ப் பட்டியல் எழுதுகிறாளாம். பலகையில் என் பெயரையும், ஆஸ்பத்திரிப் பட்டியலில் என் பெயரையும் பார்த்திருக்கிறாள். நேராக வந்து என் கட்டில் முன்னால் நின்று, "நீங்கதானா அந்த டெல்மர் ஸ்டிக்னி? உங்க கையெழுத்த ஆறு தடவ பாத்திருக்கேன்" என்றாள். நீ வெளியே எங்கேயோ அத்தானுக்கு சிலிண்டர் மாற்றப் போயிருந்தாயாம். நல்லது. நான் இங்கே இருப்பதை உன்னிடம் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டேன். உன் வாசல் வரைக்கும் வந்தேன், ஜெனரேட்டர் ஓடியது, ஜன்னலில் அத்தான் தலை தெரிந்தது. தட்டவில்லை. முதலில் குவியலை அகற்றிவிட்டு, அதைக் காட்டிவிட்டு, அப்புறம் பேசலாம் என்று நினைத்தேன். கிளை கிளையாக இழுத்து உன் வேலியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோனேன். அவ்வளவு தூரத்தில் இருந்தது என் சக்கர வீடுதான். அதன் பக்கத்திலேயே அடுக்கினேன். பத்தரைக்குக் கடைசிக் கிளை.

கீழே மொட்டைத் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், முதல் பொறி விழுந்தது. புதிதாக அடுக்கிய குவியலில்தான் விழுந்தது. ஒரு நொடியில் பற்றிக்கொண்டது. குவியல், வீடு, வண்டி எல்லாம் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

அப்போது நீ அத்தானை நடத்திக்கொண்டு வருவதைப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். உன் ஆப்பிள் மரம் மறைத்ததால் உனக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன். கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் நீ நிற்பாய். என் அக்காவை எனக்குத் தெரியும், திட்டிக்கொண்டே நிற்பாய். அத்தான் புகைக்குள் நிற்பார். வாயை மூடிக்கொண்டேன்.

உன் வண்டி கேட்டில் நின்றபோது என் உயிரே போய்விட்டது. 'போடி, போடி' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இரண்டாவது கியர் கேட்டது. மூன்றாவது கேட்டது. அதற்குப் பிறகுதான் நான் படுத்தேன்.

நீ வாரி வைத்திருந்த மண்ணில் ஒரு சருகு கிடையாது. நடுவில் குப்புறப் படுத்து, தண்ணீர்க் கேனைச் சட்டையில் கொட்டி, தலையை மூடிக்கொண்டேன். நெருப்பு மூன்று பக்கமும் வந்தது, தரைக்கு வந்ததும் தின்ன ஒன்றும் இல்லாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கையும் காதும்தான் கொஞ்சம் வெந்தன. அவ்வளவு நேரமும் அழுதேன், பயத்தில் ஒன்றுக்குக்கூடப் போய்விட்டேன். இதைப் பெர்னிஸிடம் சொல்லாதே.

உன் வீடு நிற்கிறது. தீயணைப்பு ஆட்கள் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தலையைத் திருப்பிப் பார்த்தேன். கோழிக் கூண்டும் வேலியும் போய்விட்டன. ஜன்னல் கண்ணாடி கறுத்திருக்கிறது, உடையவில்லை. என் பக்கம் ஒன்றுமே இல்லை, அதனால் நோட்டீஸ் அனுப்ப இனி எவனாலும் முடியாது.

அத்தானிடம் சொல், நான்தான் கூப்பிடவில்லை என்று. அக்காவிடம் பேசச் சொன்னேன் என்று சொல்.

புதன்கிழமை பத்து மணிக்கு என்னை வெளியே அனுப்புகிறார்கள். எனக்கு வண்டி இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். கை காட்டுவேன். இந்த முறை நிறுத்து.

டெல்மர்